கூடப்பிறந்தவளோடு ஓடும்போது

ஒரு கொலைக்குப் பிறகு இரவோடு இரவாக ஊரைவிட்டுக் கிளம்பும் அக்கா தங்கை இருவரைப் பற்றி நியோ-நுவார் பாணியில், அதாவது பழைய இருண்ட குற்றப்படங்களின் பிற்கால வடிவில், ஒரு திரைக்கதை எழுதி முடித்திருப்பதாகவும், படித்துப் பார்த்த நண்பர்கள் இரண்டு குறைகளைச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சகோதரிகளுக்குப் பதிலாகக் காதலர் இருவரை வைத்தாலும் கதையில் பெரிதாக எதுவும் மாறாது என்பது முதற்குறை. கடைசிப் பகுதியில் தங்கை காவல் நிலையத்துக்குப் போய் அக்காவைக் காட்டிக்கொடுப்பதை நம்ப முடியவில்லை என்பது இரண்டாவது. எந்தெந்தப் படங்களைப் பார்த்தால் இதற்கு வழி கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். படங்களைச் சொல்கிறேன். அதற்கு முன், இவை இரண்டு குறைகள் அல்ல, ஒரே குறைதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். காதலர்களுக்கென்று செய்த அச்சில் நீங்கள் சகோதரிகளை வார்த்திருக்கிறீர்கள். அந்த அச்சு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால், எங்கே அதை உடைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்கக் குற்றப்படங்களில் புதிதாகத் தெரிந்த இருண்ட போக்கைக் குறிப்பதற்கு 1946-ல் பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃபிராங்க் 'ஃபிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம், என்ற பெயரைப் பயன்படுத்தினார். அந்தப் போக்கின் ஒரு கிளைதான் காவல்துறைக்குத் தப்பி ஓடும் காதலர்களின் கதை. நிக்கலஸ் ரேயின் முதல் படமான 'தே லிவ் பை நைட்', ஜோசப் எச். லூயிஸ் 1950-ல் எடுத்த 'கன் கிரேஸி' ஆகிய இரண்டும் அதற்கு நல்ல முன்மாதிரிகள். இவற்றில் ஓடுகிற இருவரும் சிறிது காலத்துக்கு முன்புவரை ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆசையால் சேர்ந்தார்கள், குற்றத்தால் பிணைக்கப்பட்டார்கள். ஆகவே வண்டி ஓடுகிற நேரமெல்லாம் பார்ப்பவர் மனத்தில் ஒரே கேள்வி சுற்றிக்கொண்டிருக்கும்: இவளை நம்பலாமா, இவனை நம்பலாமா? 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி, குற்றம் செய்தவர் படம் முடிவதற்குள் தண்டனை பெற்றே ஆக வேண்டும் என்பதால், பிடிபடுவார்களா என்பதில் அக்காலத்துப் படங்களுக்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பிடிபடுவதற்குள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன ஆகப்போகிறார்கள் என்பதே கதை.

சகோதரிகளிடம் இந்தக் கேள்விக்கு இடமில்லை. ஒரே பாயில் படுத்து, ஒரே ஜுரத்தில் கிடந்து, அம்மாவிடம் ஒருத்திக்காக இன்னொருத்தி பொய் சொல்லி வளர்ந்தவர்களுக்கு, வண்டியில் பக்கத்தில் இருப்பவள் யார் என்பது முன்பே தெரியும். அவர்களுக்கிடையே சந்தேகத்தைவிட வலுவான வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இவளுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன், அது எப்போது தீரும் என்பதே அது. காதலர் கதையில் ஆசை ஆளைக் குழிக்குள் இழுக்கிறது. சகோதரிகள் கதையில் அந்த வேலையைக் கடமை செய்கிறது. இந்த ஒரு மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கீழே சொல்லும் படங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் 'சைனாடவுன்' (1974). தனியார் துப்பறிவாளர் படம் என்று பெயர் வாங்கிவிட்டதால், அதற்குள் தப்பி ஓடும் சகோதரிகளின் கதை ஒன்று இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. ராபர்ட் டவுன் எழுதி ரோமன் போலான்ஸ்கி இயக்கிய இந்தப் படம் 1937-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. நகரத்தின் தண்ணீரை வைத்து நடக்கும் நில மோசடி ஒன்றைத் துப்பறிவாளர் ஜேக் கிட்டிஸ் துருவிக்கொண்டு போகும்போது, கொலையுண்ட பொறியாளரின் மனைவி எவலின் மல்ரே, கேத்தரின் என்ற இளம்பெண் ஒருத்தியை ஒரு வீட்டில் மறைத்து வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார். முதலில் எவலின், அவள் என் தங்கை என்கிறாள். பின்னர், பொய் சொல்கிறாள் என்று எண்ணிக் கிட்டிஸ் அறையும் ஒவ்வொரு அறைக்கும் தங்கை என்றும் மகள் என்றும் மாறி மாறிச் சொல்லி, கடைசியில் இரண்டும்தான் என்று உடைந்துபோகிறாள். எவலினைப் பெற்ற தகப்பனான நோவா கிராஸ்தான் கேத்தரினுக்கும் தகப்பன். அவனிடமிருந்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றி மெக்சிகோவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதே எவலினின் ஒரே நோக்கம். படம் முழுக்க அவள் சொல்லும் பொய்கள், பணம் கொடுத்து ஆளை அனுப்பும் அவசரம், கணவன் செத்தும் அழாத விறைப்பு ஆகிய அனைத்துக்கும் காரணம் அதுதான் என்பது அப்போதுதான் விளங்கும்.

பழைய நுவார் படங்களில் பொய் சொல்லும் அழகி என்றால் அவள் ஆணை அழிக்க வந்தவள் என்றே பொருள். கிட்டிஸும் அப்படித்தான் நினைக்கிறார், நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். உண்மையில் அவள் செய்துகொண்டிருப்பது முழுக்க முழுக்க ஒரு பெண்ணைக் காக்கும் வேலை. நுவாரின் வழக்கமான பெண் பாத்திரத்தை வெளியே அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு உள்ளிருக்கும் காரணத்தை மட்டும் ஆசையிலிருந்து கடமைக்கு மாற்றிவிட்டார்கள். நியோ-நுவார் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

இதில் ஒரு சிறிய நுணுக்கத்தைக் கவனியுங்கள். எவலினைப் பின்தொடர்ந்து போய், கேத்தரின் இருக்கும் வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகு, கிட்டிஸ் அவளுடைய காரில் காத்திருப்பார். அவள் வந்து அமர்ந்ததும் விசாரணை தொடங்கும். அவள் என் தங்கை என்ற சொல் முதல் முறையாக இங்கேதான் வருகிறது. பேச்சின் நடுவே சோர்ந்துபோய் அவள் தலையை ஸ்டீயரிங்கில் சாய்க்க, ஹார்ன் ஒரு கணம் ஒலித்து, அவள் திடுக்கிட்டு நிமிர்வாள். ஒரு நொடிதான், முதன்முறை பார்ப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. படத்தின் இறுதியில் சைனாடவுன் தெருவில் எவலின் தகப்பனைக் கையில் சுட்டுவிட்டுக் கேத்தரினோடு காரைக் கிளப்புகிறாள். காவலர் ஒருவர் பின்னாலிருந்து சுட, கார் தூரத்தில் மெல்ல நின்றுவிடுகிறது. அப்போது ஹார்ன் விடாமல் ஒலிக்கிறது. அவள் தலை எங்கே சாய்ந்திருக்கிறது என்பதைக் காமிரா காட்டுவதற்கு முன்பே காது சொல்லிவிடுகிறது. தங்கை என்ற சொல் பிறந்த இடத்தில் ஒலித்த அதே ஓசை, அந்தத் தங்கையைக் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத இடத்திலும் ஒலிக்கிறது. அலறும் பெண்ணின் கண்களைக் கையால் மறைத்துக்கொண்டு, கிராஸ் அவளை அணைத்தபடி கூட்டிப்போகிறான். எவலின் பிழைக்க வேண்டும் என்பதுதான் டவுனின் விருப்பம். இந்த முடிவை வற்புறுத்தியவர் போலான்ஸ்கி. தணிக்கை விதிகள் 1968-ல் விலக்கப்பட்டுவிட்டதால், குற்றவாளி அந்தப் பெண்ணோடு நடந்துபோகும் காட்சியை அப்போது எடுக்க முடிந்தது. அந்தப் படத்துக்குக் கிடைத்த 11 ஆஸ்கர் பரிந்துரைகளில் வென்றது ஒன்றே ஒன்று, டவுனின் திரைக்கதைக்கு. உங்கள் மேசையில் திரைக்கதைப் பிரதி ஒன்று இருக்க வேண்டும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். 40,000 டாலரோடு ஃபீனிக்ஸ் நகரிலிருந்து ஓடும் மேரியன் கிரேனை எல்லோருக்கும் தெரியும். அவளைத் தேடி வரும் தங்கை லைலாவை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. படத்தில் இந்தச் சகோதரிகள் இருவரும் சேர்ந்து தோன்றும் காட்சி ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும், காவல்துறைக்கும் தனியார் துப்பறிவாளருக்கும் பிடிபடாத உண்மையை நோக்கி அந்த வீட்டுப் படிகளில் ஏறிப்போகிறவள் லைலாதான். ஒருத்தி ஓட, இன்னொருத்தி தேடுவதாலும் சகோதரிகள் கதை நடக்கலாம் என்பதற்கு இது சான்று. உங்கள் கதையில் இருவரையும் முதல் காட்சி முதல் ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறீர்கள். அது கட்டாயமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

'தெல்மா அண்ட் லூயிஸ்' (1991) படத்தில் வருகிறவர்கள் தோழிகள், சகோதரிகள் அல்லர். கேலி கூரி எழுதிய முதல் திரைக்கதை அது. ரிட்லி ஸ்காட் இயக்க, கூரிக்கு ஆஸ்கர் கிடைத்தது. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று, வழி. ஓக்லஹோமாவிலிருந்து மெக்சிகோ போவதற்கு டெக்சாஸ் வழியே போவதுதான் நேர்வழி என்று வரைபடம் பார்க்கும் எவருக்கும் தெரியும். ஆனால் டெக்சாஸில் கால் வைக்க மாட்டேன் என்று லூயிஸ் பிடிவாதமாக இருக்கிறாள், காரணம் சொல்ல மறுக்கிறாள். அங்கே முன்பு அவளுக்கு நேர்ந்ததைத் தெல்மா ஊகிக்கிறாள், அதையும் பேச விடுவதில்லை. பின்னோக்குக் காட்சி ஒன்றுகூட இல்லாமல், சாலை வளைகிற வளைவிலேயே அவளுடைய கடந்த காலம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. உங்கள் திரைக்கதையில் அக்காவின் பழைய கதையைச் சொல்வதற்கு நான்கு பக்கப் பின்னோக்குக் காட்சி இருப்பதாகச் சொன்னீர்கள். அதை எடுத்துவிட்டு, அவள் போக மறுக்கும் ஓர் ஊரின் பெயரை வைத்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி உங்கள் கதைக்கு மிக நெருங்கிய படத்துக்கு வருகிறேன். நியா டகோஸ்டா எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படமான 'லிட்டில் வுட்ஸ்', 2018-ல் டிரைபெக்கா திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. வடக்கு டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் எண்ணெய் வயல் ஊர் கதையின் களம். ஊரின் பெயர் கற்பனை, நிலைமை கற்பனையல்ல. பாக்கன் பாறைப்படிவத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் முறை பெருகியதும், அந்தப் பகுதியின் வில்லிஸ்டன் நகரத்து மக்கள்தொகை 2010-ல் 14,716 ஆக இருந்தது 2020-ல் 29,160 ஆகிவிட்டது. பத்தே ஆண்டில் ஊர் இரட்டிப்பானால் வீட்டு வாடகை என்ன ஆகும், மருத்துவரிடம் காத்திருக்கும் வரிசை என்ன ஆகும், குடும்பத்தை விட்டு வந்து தங்கும் ஆண்களிடையே எதற்கெல்லாம் சந்தை உண்டாகும் என்பதைப் பார்ப்பவரே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆலியும் டெபும் சகோதரிகள். இதில் ஆலி தத்தெடுத்து வளர்க்கப்பட்டவள். நோயுற்ற அம்மாவுக்காகக் கனடாவிலிருந்து மருந்து கடத்தி வந்து, வலி மாத்திரை விற்று, பிடிபட்டு, இப்போது நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கிறாள். அந்தக் காலம் முடிய இன்னும் சில நாட்களே உள்ளன. வேறு மாநிலத்தில் வேலைக்கு முயன்றுகொண்டிருக்கிறாள். எண்ணெய் வயல் தொழிலாளர்களுக்குக் காபியும் உணவும் விற்று, அவர்கள் துணியைத் துவைத்துக் கொடுத்து நாட்களைக் கடத்துகிறாள். இந்த நேரத்தில்தான் அம்மா விட்டுப்போன வீடு கடன் தவணை கட்டாததால் வங்கியின் கைக்குப் போகும் நிலை வருகிறது. சிறு மகனோடு வண்டிவீட்டில் வாழும் டெப் மறுபடி கருவுற்றிருப்பதும் தெரியவருகிறது. பெற்றுக்கொள்ளவும் பணமில்லை, கலைக்கவும் வழியில்லை. அந்தப் படம் வந்த காலத்தில் அந்த மாநிலம் முழுவதற்கும் கருக்கலைப்பு மருத்துவமனை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் மாநிலத்தின் கிழக்குக் கோடியில், ஃபார்கோ நகரத்தில். வில்லிஸ்டனிலிருந்து அங்கே போக 600 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். எல்லை தாண்டிக் கனடா போவது அதைவிடப் பக்கம். ஆகவே ஆலி, ஒருமுறை, ஒரே ஒருமுறை, பழைய வழியில் இறங்க முடிவுசெய்கிறாள்.

கடைசியாக ஒரே ஒருமுறை என்ற முடிவு நுவாருக்குப் புதிதல்ல, கொள்ளைப் படங்கள் எல்லாவற்றிலும் வருவதுதான். இங்கே புதிதாக இருப்பது அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு. ஆலிக்குப் பணத்தாசை இல்லை, சாகசத்தில் விருப்பம் இல்லை, கிளம்பிப்போய்ப் பிழைத்துக்கொள்ளக் கதவும் திறந்தே இருக்கிறது. அவளைத் தடுத்து நிறுத்துவது காவல்துறை அல்ல, தங்கும் இடமில்லாமல் நிற்கப்போகும் டெப். வீட்டை மீட்டு அவளிடம் கொடுத்துவிட்டால் தான் போய்விடலாம் என்பது ஆலியின் எண்ணம். அதாவது தன் விடுதலைக்கு அவள் கட்ட வேண்டிய விலை டெபின் கூரை. இதில் காதலர் இருவரை வைத்துப் பாருங்கள், கதை நிற்காது. காதலியை விட்டுப் போகிறவன் துரோகி ஆகலாம், அத்தோடு உறவு முறியும். கூடப்பிறந்தவளை விட்டுப் போனாலோ உறவு முறியாமல் அப்படியே கிடந்து அறுக்கும். ரத்த உறவே இல்லாத ஆலி இந்தக் கடனை முழுவதுமாகத் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறாள் என்பதால், இது ரத்தத்தைப் பற்றிய கதை அல்ல, சேர்ந்து வளர்ந்ததைப் பற்றிய கதை என்பதும் தெளிவாகிறது.

இந்தப் படத்தில் யாரும் யாரையும் காவல்துறையில் காட்டிக்கொடுப்பதை மையமாக வைத்துப் பதற்றம் எழவில்லை. ஆலியிடம் உண்மையாகவே அக்கறை கொண்ட நன்னடத்தை அலுவலர் கார்ட்டர், மறைந்த லான்ஸ் ரெட்டிக் நடித்தது, வீட்டுக்கு வரும்போதெல்லாம் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல, நல்லவரிடம் அவள் பொய் சொல்ல நேர்கிறதே என்பதால். முடிவை நான் சொல்லப் போவதில்லை, நீங்களே பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் காட்டிக்கொடுக்கும் காட்சிக்கு வருவோம். சகோதரி சகோதரியைக் காட்டிக்கொடுக்கவே மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. குடும்பங்களுக்குள் நடக்காத கொடுமை இல்லை. ஆனால் தன் உயிருக்குப் பயந்து காட்டிக்கொடுத்தாள் என்ற காரணம் காதலர் கதைக்குப் போதுமானது, இங்கே போதாது. 'தே லிவ் பை நைட்' படத்தில் மேட்டி என்றொரு பெண் வருகிறாள். தலைமறைவாக வந்து தங்கும் இளைஞன் போவியை அவள்தான் காவல்துறைக்குக் காட்டிக்கொடுக்கிறாள். தனக்காக அல்ல, சிறையில் இருக்கும் தன் கணவனை விடுவிக்க. பந்தத்தை வெல்லக்கூடியது இன்னொரு பந்தம் மட்டுமே என்பதை அந்தப் படம் எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே காட்டியிருக்கிறது. உங்கள் தங்கைக்கு ஒரு குழந்தை இருந்தால், அந்தக் குழந்தை யாரோ ஒருவர் வீட்டில் காத்திருந்தால், அவள் காவல் நிலையப் படியேறுவதை நாங்கள் நம்புவோம், அவளை வெறுக்கவும் மாட்டோம்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுவே அதிகம் பிடித்திருக்கிறது. காட்டிக்கொடுப்பதற்குப் பதிலாக, தங்கை ஒன்றும் சொல்லாமல் இருக்கட்டும். சகோதரிகளுக்கிடையே நடக்கும் துரோகங்களில் பெரும்பாலானவை பேசாமல் இருந்ததால் நடந்தவை. எல்லாப் பாரத்தையும் ஒருத்தி தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தும், நான் தூக்குகிறேன் என்று மற்றவள் சொல்லாத அந்த ஒரு கணம் போதும்.

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் மூத்தவளுக்கும் இளையவளுக்கும் ஒரே சொல். ஆலியும் டெபும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். நம் மொழியில் தங்கை வாயைத் திறந்தாலே 'அக்கா' வந்துவிடுகிறது. யார் முன்னால் நடக்க வேண்டும், யார் அடி வாங்க வேண்டும், யார் கடைசியாகச் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு விளியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இருவரும் ஒருவரையொருவர் பெயரிட்டே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மாற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் 'அக்கா', 'ஏன்க்கா', 'வேண்டாம்க்கா'. பிறகு, நெடுஞ்சாலை ஓரத்து விடுதி அறையில் விடியற்காலை மூன்று மணிக்கு வாசலில் ஜீப் வந்து நிற்கும்போது, நீ பின்பக்கமாகப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூத்தவள் சொல்லட்டும். இளையவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளட்டும், சத்தம் கேட்கக்கூடாதல்லவா. பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்து, படம் முழுக்க வாய் ஓயாமல் சொல்லிவந்த அந்தச் சொல்லை அப்போது மட்டும் சொல்லாமல் போகட்டும். காவல் நிலையக் காட்சிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் ஆறு பக்கங்களும் அதற்குப் பிறகு தேவைப்படாது.